வாசல் காய்ச்சல்

ஆர்லிஸ் ஸ்டென்பெர்க்குக்கு வாசல் காய்ச்சல் அத்துப்படி. நீதிமன்றம் அனுப்பிவைக்கும் பிள்ளைகளை வருடக்கணக்கில் வைத்துத் திருத்துகிற அந்த வீட்டில், இந்த விஷயத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் வந்து கேட்பார்கள். மனநல வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கூடக் கேட்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அவள் வாழ்க்கையில் கர்வப்பட வேறு என்ன பெரிதாக இருந்தது?

நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அந்த வீட்டுக்கு ஒரு நீளமான பெயர் பலகையில் எழுதியிருக்கும். ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மேடு என்பார்கள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களை வைத்திருந்த கட்டடம் அது. சுற்றிலும் சோளக் காடு, அறுவடை முடிந்தால் வெறும் தட்டை. அதனால் எந்தப் பிள்ளை ஓடினாலும் இரண்டு மைல் தூரத்துக்கு முதுகு தெரியும்.

ஆர்லிஸ் பால் பண்ணையில் பிறந்து பால் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டவள். விலை விழுந்த வருடம் மாடுகளை ஏலத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அவளும் புருஷன் மெர்லும் வெறும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கோழி வெட்டும் ஆலையில் கொஞ்ச காலம். பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து அடித்துக்கொள்ளும் அறுபது பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே அடக்குவாள் என்று பெயர் வாங்கியதால் மேட்டில் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான்கு மாதம் பார்ப்போம் என்று போனவள் பதினெட்டு வருடம் இருந்துவிட்டாள். மெர்லுக்கு இடுப்பு போய்விட்டது. அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பொண்டாட்டி இல்லை, மேட்டுக்குத்தான் பொண்டாட்டி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

மேட்டில் எல்லாம் சட்டைதான். வந்ததும் ஆரஞ்சு. ஒழுங்காக இருந்தால் சாம்பல். அதற்கும் மேலே நீலம். நீலச் சட்டை போட்டவன் துணைக்கு ஆள் இல்லாமல் சமையலறை வரை நடக்கலாம், போனில் பேசலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். அப்போது உடம்பில் நீலம் இருந்தால் வீடு. தப்புத் தண்டா செய்தால் பணியாளர் அதை எழுதவேண்டும். எழுதிவிட்டால் சட்டை இறங்கிவிடும். அதனால் அங்கே பிள்ளைகள் அடிக்குப் பயப்படுவதில்லை, எழுதுவார்களோ என்றுதான் பயப்படுவார்கள்.

நீலம் வந்து, வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும்போதுதான் அந்தக் காய்ச்சல் வரும். மாதக்கணக்காக வாயைத் திறக்காத பெண் திடீரென்று ஜன்னலை உடைப்பாள். தங்கமான பையன் யார் மூக்கிலாவது குத்துவான். வெளியே போகப் பயம், வேறொன்றுமில்லை. மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படுக்கை என்று பழகியதை விட்டுப் போகவேண்டுமே என்ற கிலி. அதைப் பெரிதுபடுத்தக் கூடாது, எழுதக் கூடாது, கையைப் பிடித்து வாசலைத் தாண்டி விட்டுவிடவேண்டும் என்பது ஆர்லிஸின் வைத்தியம். அப்படி அவள் தாண்டி விட்டவர்கள் பலர். ஒருத்தி போகிற அன்று காலையில் ஏழு கண்ணாடியை உடைத்தாள். பூனை தள்ளிவிட்டது என்று ஆர்லிஸ் கூசாமல் சொன்னாள். மேட்டில் பூனையே கிடையாது. அந்தப் பெண் இப்போது இரண்டு குழந்தைகளோடு ஒமாஹாவில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் படம் அனுப்புகிறாள். இதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் தன் வைத்தியத்தில் நம்பிக்கை வராது?

கெல்லன் வந்தது ஒரு பிப்ரவரியில். பதினைந்து வயது. ஒல்லி உடம்பு, பெரிய காது. அம்மாவின் இரண்டாவது புருஷன் டுவேன் ஆசை ஆசையாய் வைத்திருந்த படகுக்குத் தீ வைத்துவிட்டான் என்று கேஸ். படகோடு கொட்டகையும் போயிற்று. டுவேன் நீதிமன்றத்தில் எழுந்து, பையனைத் தண்டிக்காதீர்கள், அவனுக்கு உதவி வேண்டும் என்று கண்ணீர் விட்டாராம். நீதிபதியே கைக்குட்டையை எடுத்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். தானியக் கிடங்கில் மேற்பார்வை வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுப்பது, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக் கொடுப்பது என்று டுவேனைப் பற்றி நல்லது சொல்லத்தான் ஆள் இருந்தது.

கெல்லனால் யாருக்கும் தொல்லை இல்லை. சமையலறையில் விட்டால் போதும், பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பான். பீன்ஸ் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போடுகிற நாளில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவான். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். இவன் வந்த முதல் ராத்திரியே குறட்டை விட்டான். அவனை மாதிரி மேட்டை விரும்பிய பிள்ளையை ஆர்லிஸ் பார்த்ததில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு டுவேன் வருவார். பணியாளர்களுக்கெல்லாம் பெட்டி நிறைய டோனட். அம்மா ஜெனெல் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருப்பாள். டுவேன்தான் பேசுவார், சிரிப்பார், ஆர்லிஸின் இடுப்பொடிந்த புருஷனைக் கூடப் பெயர் சொல்லி விசாரிப்பார். கெல்லன் நாற்காலியை இழுத்து, அவர்களுக்கும் தனக்கும் நடுவில் மேஜை இருக்கும்படி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருப்பான். அவர்கள் போன பிறகு அன்றும் மறுநாளும் அவன் சாப்பிடுவதில்லை. ஆர்லிஸ் இதைக் கவனிக்காமல் இல்லை. படகை எரித்த குற்ற உணர்ச்சி பிள்ளையைத் தின்கிறது என்று அவளே ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள்.

மே மாதம் அவனுக்கு நீலம் வந்தது. நீதிபதியைப் பார்ப்பதற்கு முந்தின நாள், கூடத்தில் இருந்த டிவியை நாற்காலியால் அடித்து நொறுக்கினான். அத்தனை பேர் பார்க்க நடந்தது, எழுதாமல் முடியாது. சட்டை ஆரஞ்சுக்கு இறங்கிற்று. ஆகஸ்டில் மறுபடி நீலம். மறுபடி முந்தின நாள். இந்தத் தடவை மேலாளர் ப்ரூயிட் மேல் சூடான காபியை வீசினான். நல்லவேளை, சட்டையோடு போயிற்று. ப்ரூயிட் ஈரச் சட்டையோடு ஆர்லிஸைத் தேடி வந்து, இது என்ன ரகம் என்று கேட்டார். வாசல் காய்ச்சல்தான், முற்றிய கேஸ் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பருக்கு முன்னால், மூன்றாவது தடவையாக அவனுக்கு நீலம் வந்ததும், ப்ரூயிட் அவளைக் கூப்பிட்டார். நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது என்றார். இந்த முறையும் பையன் கோட்டை விட்டால் பதினெட்டு வயது வரைக்கும் அரசாங்கத்தின் பூட்டிய பள்ளிதான். பெயர்தான் பள்ளி, கம்பி வேலியும் இரும்புக் கதவுமாக அது ஜெயில். பெரிய பையன்கள் சின்னவர்களை அங்கே என்ன பாடு படுத்துவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆர்லிஸ் அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். வானம் இடிந்து விழுந்தாலும் கெல்லனை வீட்டில் கொண்டு சேர்த்துவிடவேண்டும்.

எதிர்பார்த்தபடியே, நீதிபதியைப் பார்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. சமையலறையில் அவளும் அவனும் மட்டும். அவன் தட்டு அடுக்கை அப்படியே தூக்கித் தரையில் போட்டான். பிறகு முஷ்டியால் ஜன்னல் கண்ணாடியைக் குத்தினான். ரத்தம் முழங்கை வரை ஓடிற்று. ஆர்லிஸ் கதவைச் சாத்திவிட்டு அவன் கையைக் குழாயடியில் பிடித்துக் கழுவினாள், கட்டுப் போட்டாள், துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

அவன் அசையாமல் நின்றான். "எழுதலையா மிஸ்?" என்றான்.

"எதை எழுதறது? தட்டு கை தவறி விழுந்துச்சு. ஜன்னல் காத்துல அடிச்சுக்கிச்சு. கழுவும்போது உனக்குக் கை கீறிடுச்சு. போய்ப் படு."

"நான்தான் உடைச்சேன். வேணும்னேதான் உடைச்சேன். எழுதுங்க."

"எத்தன பேரப் பாத்திருக்கேன். இது காய்ச்சல்டா. நாளைக்கு ராத்திரி உன் கட்டில்ல படுத்தா தன்னால போயிடும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அதை அவள் நன்றி என்று எடுத்துக்கொண்டாள். தலையைக் கோதிவிட்டு அனுப்பினாள். பழம் தின்று கொட்டை போட்டவள், அந்தப் பார்வையைப் படிக்கத் தெரியவில்லை அவளுக்கு.

மறுநாள் காலையில் நீதிபதி கெல்லனைப் பாராட்டினார். கைக்கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டபோது ஆர்லிஸ் முந்திக்கொண்டு, சமையலறையில் உதவி செய்யும்போது பட்டது என்றாள். உத்தரவு ஆயிற்று. மேட்டின் வழக்கப்படி, போகிற பிள்ளையை மேட்டு வண்டியிலேயே கொண்டுபோய் வீட்டு வாசலில் ஒப்படைக்கவேண்டும். அதை எப்போதும் ஆர்லிஸ்தான் செய்வாள். அவளுக்கு அதுதான் வேலையிலேயே பிடித்த பகுதி.

இரண்டரை மணி நேரப் பயணம். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி அவனுக்கு ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டான், பிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வாய், எந்த நண்பனைப் பார்ப்பாய் என்று இவள் வாய் ஓயாமல் பேசினாள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"திரும்பி வர்றவங்க யாராவது உண்டா மிஸ்?"

"உண்டு. ஆனா உன்ன நான் உள்ள விட மாட்டேன்" என்று சிரித்தாள்.

ஊருக்கு ஐந்தாறு மைல் இருக்கும்போது வண்டிப் போன் ஒலித்தது. ஓட்டிக்கொண்டே பேசவேண்டியிருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். டுவேன். வண்டி முழுக்க அந்தக் கலகலப்பான குரல்.

"வந்துட்டிருக்கீங்களா ஆர்லிஸ்? நம்ம ஹீரோ எப்படி இருக்கான்? ஜெனெல் இப்ப முதியோர் இல்லத்துல நைட் ஷிஃப்டுக்கு மாறிட்டா, சாயங்காலமே கிளம்பிடுவா. ராத்திரில நாங்க ரெண்டு ஆம்பளைங்கதான். அவன் ரூம எல்லாம் சரி பண்ணிட்டேன். கதவுல இருந்த தாழ்ப்பாளக் கழட்டிட்டேன். இங்க இருந்தப்ப உள்ள பூட்டிக்கிட்டுத்தான் அவ்வளவு ரகளையும். கேக்குதாடா கெல்லன்? தாழ்ப்பாள் இல்ல இனிமே."

நன்றி, வந்துவிடுகிறோம் என்று ஆர்லிஸின் வாய் சொல்லிற்று. போன் அணைந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் கட்டுப் போட்ட கையாலேயே அவள் முகத்தில் குத்தினான். வண்டி தடுமாறிச் சாலை ஓரத்துச் சரளையில் இறங்கி நின்றது. அவன் மறுபடி குத்தினான். அவள் உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கிற்று. அவன் அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"இப்பவாவது எழுதுங்க மிஸ்" என்றான்.

டிவி, காபி, தட்டு, ஜன்னல் எல்லாம் ஒரேயடியாக அவளுக்கு விளங்கிற்று. ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை கத்திக்கொண்டிருந்திருக்கிறான், அவள் அதற்கு ஒரு பெயர் வைத்து ஊருக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்.

"அவன் உன்ன என்னடா பண்றான்?"

அவன் கண்ணாடி வழியாகத் தட்டைக் காட்டைப் பார்த்தான். "பன்னண்டு வயசுல ஒரு தடவ சொன்னேன். கவுன்டி ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க ஒரு அம்மா வந்தாங்க. டுவேன் காபி போட்டுக் குடுத்தாரு. குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி..." நிறுத்திக்கொண்டான். "சொன்னா ஒண்ணும் ஆகாது மிஸ்."

ஆர்லிஸ் மேட்டுக்குப் போன் போட்டாள். தடித்துப்போன உதட்டோடு ப்ரூயிட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குத்தினதை மட்டும் சொல்லவில்லை. பையனைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றாள். ப்ரூயிட் கெட்டவர் இல்லை. அவன் கட்டிலுக்கு மத்தியானமே வேறு பையன் வந்தாயிற்று, நீதிபதியின் உத்தரவை மீறிப் பிள்ளையை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தால் கடத்தல் கேஸ் ஆகும் என்று நிதானமாகச் சொன்னார். குழந்தைகள் பாதுகாப்புப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாளில் யாராவது வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள் என்றார்.

"ரெண்டு மூணு நாளா?"

"ஒம்பது மாசம் வாயே தெறக்கல. வீட்டு வாசல்ல வந்து தெறக்கறான். வாசல் காய்ச்சல்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் ஆர்லிஸ்."

அவள் போனை வைத்தாள். புகார் எண்ணைக் கூப்பிட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஆள் அனுப்புவோம் என்றாள். எப்போது என்று சொல்லவில்லை.

"வருவாங்க. காபி குடிப்பாங்க" என்றான் கெல்லன். பிறகு அவளுக்காக இரங்கியவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். "ஷெரீப்பக் கூப்பிடுங்க. ஸ்டாஃப அடிச்சா வீட்டுக்கு விட மாட்டாங்க. விசாரிச்சு வச்சிருக்கேன்."

"அந்தப் பூட்டின பள்ளிக்கூடத்துக்குடா. பதினெட்டு வயசு வரைக்கும். அங்க உன்ன..."

"தெரியும் மிஸ்."

சாலையில் ஒரு லாரி கூட வரவில்லை. காற்று மட்டும் அடித்தது. இதுவரைக்கும் எந்தப் பிள்ளை மேலும் அவள் கை நீட்டியதில்லை, போலீஸில் சொன்னதில்லை. அந்தப் பள்ளியின் வாசலில் அவள் இரண்டு பேரைக் கொண்டு விட்டிருக்கிறாள், அதில் ஒருவன் பிணமாகத்தான் வெளியே வந்தான். எங்கே அனுப்பினாலும் இந்தப் பிள்ளைக்கு அழிவுதான், எதில் என்று தேர்ந்தெடுக்கும் வேலை தனக்கு வந்து வாய்த்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. நேற்று சாயங்காலம் நாலு வரி எழுதியிருந்தால், அந்தப் பள்ளிக்கு அனுப்பும் வரைக்குமாவது இன்னும் கொஞ்ச நாள் மேட்டில் இருந்திருப்பான், அதற்குள் அவன் வாயைத் திறந்திருக்கலாம், யாராவது கேட்டிருக்கலாம். கருணை என்று நினைத்து அவளே அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.  எண்களை அழுத்தினாள்.

ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரர் ஒருவர் பத்து நிமிடத்தில் வந்தார். சின்ன வயது, கன்னம் சிவந்த முகம். ஆர்லிஸின் உதட்டைப் பார்த்தார், கெல்லனைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இது டுவேன் வீட்டுப் பையன்ல? என் தம்பிக்கு அவர்தான் கோச். எவ்வளவு தங்கமான மனுஷன், அவருக்கு வந்து வாய்ச்சிருக்கு பாருங்க." நோட்டை மூடிக்கொண்டு ஆர்லிஸ் பக்கம் குனிந்தார். "மேடம், இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கான். நீங்க கேஸ் வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, நானே கூட்டிட்டுப் போய் வீட்ல விட்டுடறேன். அஞ்சு மைல்தான்."

ஆர்லிஸ் அவரிடம் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் கடுத்தது. அதெல்லாம் வேறு இலாகா, ஆளைத் தெரியாமல் அப்படிப் பேசாதீர்கள் என்றார். கேஸ் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

கெல்லன் வண்டிக்குள்ளிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்டு. என்ன அடிச்சான். ரெண்டு தடவ. வேணும்னேதான் அடிச்சான். எழுதிக்கோங்க" என்றாள் ஆர்லிஸ்.

அவன் இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே திரும்பி நின்று இரண்டு கையையும் பின்னால் நீட்டினான். விலங்கு பூட்டும்போது, உதடு ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். பின் சீட்டில் ஏற்றினார்கள். அந்த ஆள் சரளையில் நின்று எழுதி முடித்து அவளிடம் கையெழுத்து வாங்கினார். ஆர்லிஸ் கண்ணாடிக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தாள். விலங்கோடு ஒருக்களித்து, முகத்தை ரெக்சின் சீட்டில் அழுத்திக்கொண்டு கெல்லன் அதற்குள் தூங்கிப் போயிருந்தான்.